ராய்ஸ் டில்லரியின் துப்பாக்கிக் கேள்வி

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை காலை, டன்மோர் மாவட்ட நீதிமன்றத்தின் மாடி அறையில் இருந்தவர்கள்: நீதிபதி லொரெட்டா ஸ்டம்போ, ஜலதோஷத்தோடு வந்திருந்த அரசுத் தரப்பு வக்கீல் டெனிஸ் பக்வால்டர், அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் தட்டெழுதும் மாவிஸ், காவலர் ஹோபர்ட், தாடைக்குக் கம்பி வைத்துக் கட்டியிருந்த ட்ராவிஸ் லெம்லி, அந்தத் தாடையை உடைத்து, இன்று மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டில் வந்திருந்த க்ளேட்டன் அம்ஸ்டெட், அவன் மனைவி நடீன், காரைக் கண்ட இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் கட்ட வந்து, மாடி தெரியாமல் ஏறி, எழுந்து போகவும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பிறகு, கையில் பதினோரு வழக்குக் கட்டுகளோடு ராய்ஸ் டில்லரி.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டமே தன் செலவில் ஒரு வக்கீலை அமர்த்தித் தரும். பன்னிரண்டு வருடமாக டன்மோரில் அந்த வக்கீல் டில்லரிதான். அன்று அவரிடமிருந்த பதினோரு கட்டுகளில் க்ளேட்டனுடையது நாலாவது.

வழக்கில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் க்ளேட்டன் வேலை பார்க்கும் டயர்க் கடை வாசலில், அவனுடைய செத்துப்போன தங்கையைப் பற்றி லெம்லி வாய்க்கு வந்தபடி ஏதோ பேசியிருக்கிறான். க்ளேட்டன் இரண்டு அடி கொடுத்தான். முதல் அடியோடு நிறுத்தியிருந்தால் கன்னம் வீங்கியிருக்கும், அது சிறுகுற்றம். இரண்டாவது அடியில் எலும்பு விட்டுப்போனது, அது பெருங்குற்றம். சட்டத்தில் அந்தக் கோடு அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது, கன்னத்துக்கும் தாடை எலும்புக்கும் நடுவில்.

டெனிஸ் பக்வால்டர் இரண்டு வழி வைத்திருந்தாள். ஒன்று, பெருங்குற்றம் என்றே ஒப்புக்கொண்டால் சிறை கிடையாது. மூன்று வருடம் மாதம் ஒருமுறை நன்னடத்தை அதிகாரியிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு, சிறுகுற்றமாகக் குறைத்து எழுதிக்கொள்ளலாம். அப்படியென்றால் மாவட்டச் சிறையில் தொண்ணூறு நாள், இன்றைக்கே. தாளில் குற்றம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் உள்ளே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் லெம்லி குடும்பத்தின் முகத்தில் அவளால் விழிக்க முடியாது. அடுத்த வருடம் தேர்தல் வேறு, அரசுத் தரப்பு வக்கீலையும் அங்கே ஓட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் டில்லரி தன் கட்சிக்காரர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். மான் வேட்டைக்குப் போவாயா?

பெருங்குற்றத் தீர்ப்பு வாங்கியவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. நவம்பர் கடைசியில் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிற ஊர் டன்மோர். பெண்டாட்டி போய்விடுவாள் என்றாலும் கலங்காத ஆண்கள், பரணில் இருக்கும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்றதும் முகம் செத்துப்போவதை டில்லரி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். வேட்டைக்குப் போகிறவன் என்றால் சிறுகுற்றம், சிறை. போகாதவன் என்றால் பெருங்குற்றம், வீடு. சட்டக் கல்லூரியில் இரண்டு வாரம் நடத்தியதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. 'துப்பாக்கிக் கேள்வி' என்று மற்ற வக்கீல்கள் பேர் வைத்திருந்தார்கள். கிண்டல்தான். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில், நாலு நிமிடத்தில் அன்றைக்கும் அதைக் கேட்டார்.

"போறதில்ல சார்," என்றான் க்ளேட்டன். "ரத்தம் பாத்தா எனக்கு ஆகாது."

"லெம்லி வாயில வந்தது மட்டும் தக்காளிச் சாறாக்கும்."

காப்பிக்கு நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டிருந்தவன் சத்தமாகவே சிரித்தான். க்ளேட்டனுக்குக் காது சிவந்தது. அவன் ஆறடி இரண்டங்குலம். ஆனால் அந்தக் கோட்டுக்குள் சுருங்கிப்போய் நின்றான்.

"இல்ல சார், வீட்ல ஒரு..."

"வீட்டுக்குத்தானப்பா போகப் போற. இன்னிக்கே போற. முதல் வழிய எடுத்துக்க."

அடுத்த கட்டை அப்போதே அவர் பிரித்துவிட்டிருந்தார்.

உள்ளே நீதிபதி வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டார். படிக்கத் தெரியுமா, மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருக்கிறாயா, யாராவது மிரட்டி ஒப்புக்கொள்ளச் சொன்னார்களா, இதன் பின்விளைவுகள் எல்லாவற்றையும் உன் வக்கீல் விளக்கிச் சொன்னாரா. கடைசிக் கேள்விக்கு க்ளேட்டன் டில்லரியைத் திரும்பிப் பார்த்தான். டில்லரி லேசாகத் தலையசைத்தார். "சொன்னார்," என்றான். மாவிஸ் அதைத் தட்டினாள். பெருங்குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று. தண்டனையை இரண்டு மணிக்கு வாசிப்பதாகச் சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்கை எடுத்தார்.

பன்னிரண்டரைக்கு டில்லரி எதிர்ச்சாரியில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனார். வியாழக்கிழமை என்றால் மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழியும் நூடுல்ஸும் ஊற்றித் தருவார்கள். பாதி சாப்பிட்டிருப்பார், நடீன் வந்து மேசைப் பக்கத்தில் நின்றாள். குட்டையான பெண், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். சாப்பிடுங்கள் சாப்பிடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தாள்.

ஜோஸியை எடுத்து வளர்க்கிறார்கள் என்பதை அவள் சொல்லித்தான் அவர் கேட்டார். க்ளேட்டனின் தங்கை விட்டுப்போன பெண் குழந்தை. ஆறு வயது. தங்கை மாத்திரை அதிகமாகிச் செத்தபோது குழந்தைக்கு மூன்று வயது. அன்றிலிருந்து இவர்களிடம் இருக்கிறது. இத்தனை நாளும் அரசாங்கத்தின் குழந்தையாகத்தான் இவர்கள் வீட்டில் வளர்ந்தது. வருகிற பதினாலாம் தேதி தத்து வழக்கு. அன்றைக்கு நீதிபதி கையெழுத்துப் போட்டால் அது அம்ஸ்டெட் வீட்டுப் பிள்ளை.

"இந்தத் தத்து விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருக்குது சார். கடந்த அஞ்சு வருஷத்துல அடிதடி சம்பந்தமா பெருங்குற்றத் தீர்ப்பு உண்டான்னு கேக்குறான்." அவள் விரலை வைத்துக் காட்டினாள். "இவரு வீட்டுக்கே வந்துடறாருல்ல. ஜெயில் இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்ப இது சின்னதுதான? 'இல்ல'ன்னு போட்டுடலாமா?"

டில்லரியின் வாயில் கோழி இருந்தது. அவர் அதை மென்றார்.

இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் பெரிய குற்றம், வீட்டுக்கு அனுப்பினால் சின்னது. யாரும் அவர்களுக்கு வேறு மாதிரி சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஆள் டில்லரி.

ஐந்து வருடத்துக்குள் அடிதடியில் பெருங்குற்றத் தீர்ப்பு வாங்கியவன் வீட்டில் அரசாங்கம் குழந்தையை விடாது. அதில் நீதிபதியின் இரக்கத்துக்கோ அதிகாரியின் நல்ல மனதுக்கோ இடமே கிடையாது. அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 'இல்லை' என்று எழுதினால் பொய் சொன்னதற்கு இன்னொரு வழக்கு. தத்து கிடையாது என்பது மட்டுமில்லை, இப்போது இருக்கிற இடத்திலிருந்தே குழந்தையை எடுத்துப் போவார்கள். இது டில்லரிக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு வழக்கில் படித்திருக்கிறார். காலையில் வீட்டில் குழந்தை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஞாபகம் வந்திருக்கும்.

"அத இப்ப எழுதாதீங்க," என்றார். "ரெண்டு மணிக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"சரி சார். காலைல இவரு உங்ககிட்ட ஜோஸி பத்திச் சொல்லிடறேன்னாரு. சொன்னாரா?"

வீட்ல ஒரு.

"சொன்னார்," என்றார் டில்லரி.

நடீனின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் சரி, உங்களுக்குத் தெரிந்தால் போதும், அவருக்குக் கோர்ட் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் கடைக்காரியிடம் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கடைக்காரி ஆப்பிள் பை என்ற இனிப்பு ஒரு துண்டு கொண்டுவந்து வைத்து, அந்தப் பெண் காசு கொடுத்துவிட்டுப் போனாள் என்றாள்.

டில்லரி அதைத் தொடவில்லை. தொடாமல் விட்டதற்காகத் தன்னை மெச்சிக்கொள்ளவும் வழியில்லை. எழுந்து காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

சும்மா இருந்துவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இரண்டு மணிக்குத் தண்டனை வாசித்துவிட்டால் பிறகு ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அநேகமாக நடக்காத காரியம். பத்துப் பதினைந்து நாளில் குழந்தைகள் நல அலுவலகத்தில் எவனோ ஒருவன் கணினியில் பேரைப் போட்டுப் பார்ப்பான். நடீன் அழுதுகொண்டு வருவாள். சட்டம் அப்படி அம்மா, என்ன செய்வது என்று சொல்லலாம். அவள் நம்புவாள். நம்பி, நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போவாள்.

பிறகு பழைய கட்சிக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள், ஒவ்வொருவராக. முடிவெட்டும் உரிமம் வைத்திருந்த ஒரு பெண். அவள் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை என்றாள், முதல் வழியில் அனுப்பினார். அரசுக் குடியிருப்பில் அம்மாவோடு இருந்த ஒருத்தன். தாதிப் படிப்புக்குப் பணம் கட்டியிருந்த ஒருத்தி. பெருங்குற்றம் உரிமத்தையும் வீட்டையும் படிப்பையும்கூடப் பறிக்கும். இவர்களுக்கெல்லாம் பிறகு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை. அதைத் தன் திறமை என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

ஒன்றே முக்காலுக்கு க்ளேட்டனைத் தேடிப் பிடித்து மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிப்போனார். சொல்ல வேண்டியதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும் என்று படியேறும்போது நினைத்தார். வாயைத் திறந்ததும் சட்டப் பிரிவு, விதிவிலக்கு, அதிகாரிகளின் நடைமுறை என்று என்னவெல்லாமோ வந்தது. க்ளேட்டன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார்," என்றான் கடைசியில். "பாப்பாவ எடுத்துருவாங்களா?"

"எடுத்துருவாங்க."

"ரெண்டாவது வழியில போனா?"

"அதுல அந்த விதி கிடையாது. உறுதின்னு என்னால சொல்ல முடியாது. நீ உள்ள இருக்கற வரைக்கும் தத்து வழக்கத் தள்ளி வைப்பாங்க. ஆள அனுப்பி விசாரிப்பாங்க, சண்டக்காரனான்னு பாப்பாங்க. ஆனா கதவ மூட மாட்டாங்க."

"தொண்ணூறு நாளுதானே."

அவன் முகத்தில் வந்தது நிம்மதி. டில்லரி அதைப் பார்க்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார், கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் சரி என்றிருப்பார். அந்த ஆள் என்னவோ வேலை கிடைத்துவிட்டது போல் மூச்சு விட்டான்.

பக்வால்டரை அவள் அறையில் போய்ப் பார்த்தார். மேசை முழுக்க மூக்கைத் துடைத்த தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முழுசாகப் பேசவே விடவில்லை.

"துப்பாக்கிக் கேள்வியோட விட்டுட்டீங்க. அதான?"

அவள் இன்னொரு தாளை உருவி மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் டில்லரி. ஜட்ஜம்மா ஒப்புதல ரத்து பண்ணட்டும், அப்புறம் பேசலாம். ஆனா தொண்ணூறு காலைல சொன்ன கணக்கு. இப்ப நான் லெம்லி அப்பாவுக்கு மறுபடி போன் போடணும். நூத்தி இருபது."

முப்பது நாள் கூடுதல் என்ன கணக்கு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அது தன் நாலு நிமிடத்தின் கணக்கு என்று அவருக்கே தெரியும். தாழ்வாரத்துக்கு வந்து க்ளேட்டனிடம் சொன்னார். அவன் விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தான். பிப்ரவரி கடைசி என்றான். சரி என்றான்.

இரண்டு மணிக்கு நீதிபதி ஸ்டம்போ தண்டனைத் தாளைக் கையில் எடுத்தார். டில்லரி எழுந்து நின்று, தன் கட்சிக்காரர் யோசித்துப் பார்த்ததில் காலையில் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்றார். நல்ல வாக்கியம். அதில் டில்லரி எங்கேயும் இல்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சாப்பிட்டுவிட்டு வந்து மனசு மாறுவது ஒரு காரணமாகாது என்றார். காலையில் தான் பதினோரு கேள்வி கேட்டதாகவும், அத்தனைக்கும் இந்த மனிதர் தெளிவாகப் பதில் சொன்னதாகவும், பின்விளைவுகளை வக்கீல் விளக்கினாரா என்பதற்குச் 'சொன்னார்' என்று சொன்னது பதிவில் இருப்பதாகவும் சொன்னார்.

"அப்ப ரெண்டுல ஒண்ணுதான் டில்லரி. இவரு எங்கிட்ட பொய் சொல்லியிருக்கணும். இல்லன்னா நீங்க விளக்கியிருக்கக் கூடாது. எது?"

அந்தப் பெரியவர் அபராதத்தைக் கட்டிவிட்டு, கதை எப்படி முடிகிறது என்று பார்க்க மறுபடி மேலே வந்து உட்கார்ந்திருந்தார்.

க்ளேட்டன் எழுந்தான். யாரும் அவனை எழச் சொல்லவில்லை.

"யுவர் ஆனர், என் தப்புதான். சார் சொன்னாரு. எனக்குத்தான் காதுல ஏறல. பதட்டத்துல இருந்தேன்."

அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டு முழிக்கிறார், கை கொடுப்போம் என்று சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ள இறங்குவது போல இறங்கிவிட்டான். அவன் அப்படிப்பட்ட ஆள். தங்கையைப் பற்றிப் பேசியதற்கு அடித்ததும் அதே ஆள்தான்.

டில்லரி வாயைத் திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று பிற்பாடு அவரால் சொல்ல முடியவில்லை. நாலு விநாடி இருக்கலாம், ஏழு இருக்கலாம். அந்த நேரம் முழுக்க அவருக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: இது நடந்துவிட்டால் நன்றாயிருக்கும். இவன் சொன்னதை நீதிபதி ஏற்றுக்கொண்டு ரத்து செய்துவிட்டால் குழந்தையும் பிழைத்தது, தானும் பிழைத்தார். அதற்காக அவன் தன்னை முட்டாள் என்று எழுதிக்கொடுக்க நின்றால் நிற்கட்டும். காலையில் நாலு நிமிடத்தில் செய்தது அலட்சியம். இதை அவர் தெரிந்தே செய்தார். அலட்சியத்துக்கும் இதற்கும் நடுவில் இருக்கிற கோட்டைத் தாண்டுவது காலுக்குத் தெரிந்தது.

நீதிபதி தாளை மறுபடி எடுத்துவிட்டார். கவனிக்காமல் இருந்தது குற்றவாளியின் பொறுப்பு, அதற்காக ஒப்புதலை ரத்து செய்ய முடியாது, ஆகவே...

"நான் சொல்லல," என்றார் டில்லரி.

மாவிஸ் தட்டுவதை நிறுத்தினாள். "கேக்கல. பதிவாகல. சத்தமாச் சொல்லுங்க."

டில்லரி மறுபடி ஆரம்பித்தார். பன்னிரண்டு வருடமாகக் குரலை வைத்துப் பிழைக்கிற ஆள். அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான் இவருக்கு விளக்கிச் சொல்லல. இவரு சொன்னது உண்மை இல்ல, என்னைக் காப்பாத்தச் சொல்றாரு. இவரு வீட்ல ஒரு குழந்தை தத்துக்கு இருக்கு. பெருங்குற்றத் தீர்ப்பு வந்தா அந்தக் குழந்தைய எடுத்துடுவாங்க. அது எனக்குத் தெரியும். நான் கேக்கல. அவரு சொல்ல வந்தாரு, நான் சொல்ல விடல. நாலு பேருக்கு முன்னாடி கேலி பண்ணி வாய அடைச்சேன்."

"எவ்வளவு நேரம் பேசினீங்க இவர்கிட்ட?"

"நாலு நிமிஷம்."

"என்ன கேட்டீங்க?"

அதைச் சொல்லாமல் தப்ப முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "மான் வேட்டைக்குப் போவியான்னு கேட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கினார்கள். ஹோபர்ட் தன் பூட்ஸைப் பார்த்தான். தாடை கட்டியிருந்த லெம்லிகூடச் சிரிக்கவில்லை. அவனால் முடியாது என்பது வேறு விஷயம். மாவிஸின் விரல்கள் கடைசிச் சொல் வரை தட்டி முடித்துவிட்டு நின்றன.

நீதிபதி அதற்கு மேல் திட்டவில்லை. ஒப்புதலை ரத்து செய்தார். டில்லரி சொன்னதன் பதிவு, வக்கீல்களை நியமிக்கும் அலுவலகத்துக்குப் போகும் என்றார். நாளைக்கு டில்லரி பேரில் இருக்கும் வழக்குகளை வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார். அபராதத் தொகை வாசிக்கிற அதே குரலில்தான் சொன்னார். பிறகு பக்வால்டர் எழுந்து சிறுகுற்றம், நூற்றிருபது நாள் என்றாள். நீதிபதி பதினோரு கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். பின்விளைவுகளைப் பற்றிய கேள்வி வந்தபோது, க்ளேட்டனிடம் கேட்காமல், நீங்களே இப்போது எல்லார் முன்னாலும் விளக்குங்கள் என்று டில்லரியைப் பார்த்துச் சொன்னார்.

அவர் விளக்கினார். வேலை, வீடு, ஓட்டு, உரிமம், குழந்தை, துப்பாக்கி, ஒவ்வொன்றாக. பதினெட்டு நிமிடம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிறவன் மாதிரி இருந்தது. க்ளேட்டன் ஒவ்வொன்றுக்கும் புரிகிறது சார் என்று தலையாட்டினான்.

முடிந்ததும் ஹோபர்ட் இடுப்பு வாரையும் பையில் இருப்பதையும் மனைவியிடம் கொடுத்துவிடச் சொன்னான். க்ளேட்டன் கோட்டைக் கழற்றினான். மச்சானுடையது, சுருக்கம் விழாமல் கொடுத்துவிடு என்றான். கல்யாண மோதிரம் விரலில் இறுகியிருந்தது. நடீன் எச்சில் தொட்டுத் திருகி எடுத்தாள். பாப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். தூரத்தில் வேலை கிடைத்ததாகச் சொல்லேன் என்று ஆரம்பித்தவன், வேண்டாம், உள்ளதையே சொல்லு என்றான். நாளைக்கு வேறு யாராவது சொல்லிக் கேட்டால் நம் வாயை அது நம்பாது.

டில்லரி இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தார். போயிருக்கலாம். போக முடியவில்லை. நடீன் திரும்பினாள்.

"சாப்பாட்டுக் கடையில கேட்டப்ப சொன்னாருன்னு சொன்னீங்களே சார்."

"ஆமா."

"பொய்யா?"

"ஆமா."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். சொன்னால் வாங்கிக்கொள்ளலாம், அது ஒருவகையில் கணக்குத் தீர்ந்த மாதிரி. அவள் சொல்லவில்லை. கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் புருஷனைப் பார்த்தாள். அவர் அங்கே இல்லை என்பது போல.

க்ளேட்டன்தான் கையை நீட்டினான். "தேங்க்ஸ் சார்."

அந்தக் கையை எப்படி வாங்குவது என்று டில்லரிக்குத் தெரியவில்லை. வாங்கினார். பெரிய கை, உள்ளங்கையில் டயர்க் கறுப்பு கழுவியும் போகாமல் ரேகைகளில் நின்றிருந்தது. தன் கை வேர்த்திருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். எதற்கு நன்றி என்று கேட்க நினைத்தார். அதற்கும் அவன் ஏதாவது நல்ல பதில் வைத்திருப்பான் என்று பயந்து கேட்காமல் விட்டார்.

ஹோபர்ட் அவன் முழங்கையைப் பிடித்தான், முரட்டுத்தனமாக இல்லை. போகலாமா என்றான். இரவுச் சாப்பாடு ஐந்து மணிக்கே போட்டுவிடுவார்கள், இப்போது போனால் கிடைக்கும் என்றான். சிறைக்குப் போகும் வழி நீதிபதி மேடைக்கு வலப்பக்கம் இருந்தது. க்ளேட்டன் வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான். வார் இல்லாததால் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கத்திலிருந்து ஹோபர்ட் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.